தினமும் மாத்திரை சாப்பிட்டும் நடுஇரவில் எதுக்களிக்கிறது: என்ன செய்யலாம்?

பின்னலாடைக் கணக்கர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 44. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சில ஆண்டுகளாகவே நெஞ்செரிச்சல் இருக்கிறது. பகலில் மார்பெலும்புக்குப் பின்னால் எரிவதைக்கூடப் பொறுத்துக்கொள்ள முடிகிறது. நடுஇரவில் புளித்த நீர் தொண்டைவரை ஏறி, இருமலோடு எழுந்து உட்கார வேண்டியிருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. சென்ற ஆண்டு எண்டோஸ்கோபி செய்தபோது, இரைப்பையின் மேற்பகுதி சிறிதளவு உதரவிதானத்துக்கு மேலே ஏறியிருப்பதாகவும், உணவுக்குழாயின் அடியில் 'ஏ' நிலைப் புண் ('ஏ' முதல் 'டி' வரையுள்ள நிலைகளில் மிக லேசானது) இருப்பதாகவும் எழுதிக் கொடுத்தார்கள். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலும் குமட்டலுக்கான டோம்பெரிடோனும் சேர்ந்த கேப்சூலை அப்போது தொடங்கினேன். காலையில் இட்லி சாப்பிட்டு முடித்ததும் அதைப் போட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பழைய சீட்டைக் காட்டினாலே கடையில் கொடுத்துவிடுகிறார்கள்.

புளி, மிளகாய், தக்காளி, காபி அனைத்தையும் நிறுத்திவிட்டேன். வீட்டில் எனக்கென்று தனிச் சமையல் நடக்கிறது. ஆனால் ஷிப்மென்ட் இருக்கும் வாரங்களில் வீடு திரும்பவே பத்து மணி ஆகிவிடுவதால், பத்தரைக்குச் சாப்பிட்டுப் பதினொரு மணிக்குள் படுத்துவிடுவேன். இவ்வளவு பத்தியம் இருந்தும் ஏன் குறையவில்லை? இந்தக் கேப்சூலை வாழ்நாள் முழுவதும் சாப்பிட்டால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

வைகைக்கரை மருத்துவர் எழுதியது:

நான் மதுரையில் இரைப்பை, குடல் நோய்களைப் பார்க்கும் மருத்துவன். நேரில் பார்க்காமல் உங்களுக்கு மருந்து சொல்ல மாட்டேன். இந்த நோய் நடக்கும் விதத்தை விளக்கினால், உங்கள் பத்தியம் ஏன் பலிக்கவில்லை என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

உங்களைப் போன்றவர்களில் பெரும்பாலோருக்கு அமிலம் மிகுதியாகச் சுரப்பதில்லை. எல்லோருக்கும் சுரக்கும் அளவுதான் சுரக்கிறது; அது இரைப்பையில் தங்காமல் மேலே ஏறுவதுதான் தொல்லை. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையமாக ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. உதரவிதானம் வெளியிலிருந்து அதே இடத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கும்வரை வாசல் இறுக்கமாக மூடியிருக்கும். உங்களுக்கு இரைப்பை சற்று மேலேறியதால் அவை பிரிந்து நிற்கின்றன, பிடியும் தளர்ந்துவிட்டது. இது போக, நாம் எதையும் விழுங்காத நேரத்திலும் அந்தச் சுருக்குத்தசை அவ்வப்போது தானாகவே தளர்ந்து கொடுக்கும். ஏப்பம் வெளியேறுவதற்கு உடல் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு அது, நோயில்லாதவர்களுக்கும் உண்டு. உணவாலும் காற்றாலும் இரைப்பையின் மேற்பகுதி எவ்வளவு விரிகிறதோ, அவ்வளவு அடிக்கடி அந்தத் தளர்ச்சி நிகழும். வயிறு முட்டச் சாப்பிட்டால் எரிச்சல் கூடுவதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்றும் இருக்கிறது. உணவு அமிலத்தின் வீரியத்தைத் தணிக்கும் என்பது சரிதான்; ஆனால் சாப்பிட்ட பிறகு புதிதாகச் சுரக்கும் அமிலத்தில் ஒரு பகுதி உணவோடு கலக்காமல், அதன் மேலே, உணவுக்குழாயின் வாசலை ஒட்டித் தேங்கி நிற்கிறது. நிற்கும்போதும் உட்காரும்போதும் புவியீர்ப்பு நமக்குத் துணை செய்கிறது. படுத்ததும் அந்தத் துணை போய்விடுகிறது. போதாக்குறைக்கு, உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பதும் அதை விழுங்குவதும் மிகவும் குறைந்துவிடுவதால், பகலில் சில நிமிடங்களில் கழுவிப் போகும் அமிலம் இரவில் நெடுநேரம் உணவுக்குழாயிலேயே கிடக்கிறது.

ஆகவே உங்கள் வீட்டு ரசத்தைவிட, பத்தரைக்குச் சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுப்பதுதான் பெரிய காரணமாக எனக்குத் தெரிகிறது. இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் வேண்டும். ஷிப்மென்ட் வாரங்களில் ஏழு மணிக்கே அலுவலகத்தில் சாப்பாட்டை முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் எதுவும் சாப்பிடாமல் படுத்துப் பாருங்கள். இடது பக்கமாகப் படுங்கள். அப்படிப் படுக்கும்போது இரைப்பையின் பெரும்பகுதி உணவுக்குழாயின் வாசலுக்குக் கீழே அமைவதால், ஏறிய அமிலமும் விரைவில் இறங்கிவிடும். இடுப்பளவு கூடியிருந்தால் அதைக் குறைப்பது எல்லாவற்றையும்விட நீடித்த பலன் தரும். வயிற்றுக்குள் அழுத்தம் கூடினால் எந்த வாசலும் தாங்காது.

பத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காரமும் புளியும் ஏற்கெனவே புண்பட்ட இடத்தில் படும்போது எரியும். எண்ணெய் மிகுந்த பரோட்டா, சால்னா போன்றவை இரைப்பையில் நெடுநேரம் தங்கி வாசலையும் தளர்த்தும். காபி, சாக்லேட், புதினா, மது ஆகியவை சிலருக்கு ஆகா, சிலரை ஒன்றும் செய்யா. எல்லோருக்கும் ஒரே பட்டியலை அச்சடித்துக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. நிறுத்தியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். தொல்லை தராததை நிரந்தரமாக விலக்கி வைப்பதால் உங்களுக்கோ சமைப்பவருக்கோ எந்த நன்மையும் இல்லை.

செங்குன்றம் மருந்தாளுநர் எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்னதோடு, மருந்துக்கடையில் பல காலம் நின்றவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். கணக்கர் அண்ணன் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது 'இட்லி சாப்பிட்டு முடித்ததும்' என்பதுதான்.

பான்டோபிரசோல், ஒமிபிரசோல், ராபிபிரசோல் ஆகியவை வயிற்றில் இருக்கும் அமிலத்தை நேரடியாகத் தொடுவதே இல்லை. அவை குடலில் கரைந்து, இரத்தத்தில் கலந்து, அமிலம் சுரக்கும் செல்களைச் சென்றடைந்து, அப்போது இயங்கிக்கொண்டிருக்கும் சுரப்பிகளை மட்டுமே அடைக்கின்றன. அச்சுரப்பிகள் மிகுதியாக விழித்தெழுவது, இரவு முழுவதும் வெறும் வயிற்றோடு இருந்துவிட்டு உணவைத் தொடும் நேரத்தில்தான். மருந்து இரத்தத்தில் தங்குவதோ ஓரிரு மணி நேரமே. எனவே காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாகச் சாப்பிட்டால்தான் மருந்தும் சுரப்பியும் சரியான நேரத்தில் சந்திக்கும். முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும் என்பதால், எரியும்போது மட்டும் ஒன்றைப் போட்டுவிட்டு 'கேட்கவில்லை' என்று குறை சொல்வது பொருந்தாது. கேப்சூலைப் பிரித்துப் பொடியாக்கி விழுங்குவதும் கூடாது.

அடுத்தது டோம்பெரிடோன். நம் ஊரில் விற்கும் கூட்டுக் கேப்சூல்களில் அது பெரும்பாலும் 30 மில்லிகிராம் இருக்கும். இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கக்கூடும் என்பதால், குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், குறைந்த அளவில், சில நாட்களுக்கே அதைக் கொடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2014ஆம் ஆண்டிலேயே கட்டுப்படுத்தியது. மாதக்கணக்கில் எல்லோரும் விழுங்க வேண்டிய மருந்தன்று. இதயநோய் உள்ளவர்களும், சில ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்துகளைச் சாப்பிடுபவர்களும் இதில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தனி பான்டோபிரசோல் போதுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

வேறு என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். இரத்த அழுத்தத்துக்கான ஆம்லோடிபின், ஆஸ்துமாவுக்கான தியோபிலின் போன்றவை சுருக்குத்தசையைத் தளர்த்தும். டாக்சிசைக்ளினையும் எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் அலென்ட்ரோனேட்டையும் ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால், மாத்திரை உணவுக்குழாயிலேயே ஒட்டிப் புண்ணாக்கும்.

மரபுவழி வாசகர் எழுதியது:

ஆளாளுக்கு மாத்திரையைப் பற்றியே பேசுகிறீர்கள். நம் வீடுகளில் சீரகத் தண்ணீரும் மோரும் குளிர்ந்த பாலும் இருக்கும்போது இந்தக் கேப்சூல் வாணிகம் எதற்கு? பல்லாண்டு சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுது, எலும்பு முறிவு, மறதி எல்லாம் வருவதாகச் செய்திகள் வருகின்றன. ரானிடிடின் என்ற அமில மாத்திரையையும் இப்படித்தான் நல்ல மருந்து என்று காலமெல்லாம் கொடுத்தார்கள். பிறகு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அதில் இருக்கிறது என்றார்கள். நெஞ்சு அடைப்பதுபோல இருந்தால் நான் ஒரு சோடா குடிப்பேன், இல்லாவிட்டால் சோடா உப்பைக் கரைத்துக் குடிப்பேன். ஏப்பம் வந்ததும் சரியாகிவிடும்.

அவசரப்பிரிவுச் செவிலியர் எழுதியது:

ஐயா, உங்கள் கடைசி இரண்டு வரிகளுக்கு மட்டும் நான் மறுப்புச் சொல்லியே ஆக வேண்டும். 'வாயுப் பிடிப்புதான்' என்று சோடா குடித்துவிட்டு, ஏப்பத்துக்காகக் காத்திருந்து, மாரடைப்பு முற்றிய நிலையில் வந்து சேர்பவர்களை அவசரப் பிரிவில் நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். வேட்டியை நனைக்கும் அளவுக்கு வியர்த்திருப்பார்கள். கையில் பாதி குடித்த சோடா பாட்டில்கூட இருக்கும். நெஞ்சில் பாரம் வைத்ததுபோல அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல், மாடிப்படி ஏறினால் வந்து உட்கார்ந்தால் குறையும் வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் முதலில் இதயம் என்றே எண்ணி 108ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலி இவ்வளவு தெளிவாக இராமல், மேல்வயிற்று எரிச்சலாகவோ வெறும் குமட்டலாகவோகூட மாரடைப்பு வரும். ஏப்பம் வந்ததும் சற்றுக் குறைந்தது என்பது எதற்கும் சான்றாகாது. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த பிறகு நெஞ்செரிச்சலைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

வைகைக்கரை மருத்துவர் எழுதியது:

செவிலியர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். மரபுவழி வாசகரின் அச்சத்தில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. அதனால் அதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

ரானிடிடினைப் பொறுத்தவரை அவர் சொல்வது நடந்ததுதான். என்.டி.எம்.ஏ. என்ற பொருள் அதில் இருப்பது 2019இல் கண்டறியப்பட்டது. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொன்னார்கள். நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து 2022இல் அது நீங்கியது. ஆனால் அந்தக் குறை அந்த மருந்துக்கு உரியது. அதே வகையைச் சேர்ந்த ஃபாமோடிடினுக்கோ பான்டோபிரசோல் வகைக்கோ அதை ஏற்றிச் சொல்ல முடியாது.

சிறுநீரகம், எலும்பு, மறதி ஆகியவை பற்றிய செய்திகளில் பெரும்பாலானவை, மாத்திரை சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் பதிவேடுகளில் ஒப்பிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தவை. இம்மாத்திரையை நெடுங்காலம் சாப்பிடுபவர்கள் பொதுவாக வயதிலும் மூத்தவர்கள், வேறு நோய்களும் உள்ளவர்கள் என்பதால், எது மாத்திரையின் விளைவு, எது மற்ற நோயின் விளைவு என்று அவ்வகை ஆய்வால் பிரித்துச் சொல்வது கடினம். குலுக்கல் முறையில் பிரித்து, ஏறத்தாழ 17,600 இதயநோயாளிகளுக்குப் பான்டோபிரசோலையோ மருந்தே இல்லாத போலி மாத்திரையையோ கொடுத்து, சராசரியாக மூன்று ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. அதில் குடல் தொற்று மட்டுமே கூடுதலாகத் தெரிந்தது: போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 1.0 விழுக்காடு, பான்டோபிரசோல் சாப்பிட்டவர்களில் 1.4 விழுக்காடு. அரிதாகச் சிலருக்குச் சிறுநீரகத்தில் ஒவ்வாமை அழற்சி வருவது உண்மை. மக்னீசியமும் பி12 உயிர்ச்சத்தும் குறைவதும் உண்டு; சைவ உணவோடு சர்க்கரைக்காக மெட்ஃபார்மினும் சாப்பிடுபவர்கள் பி12 அளவைக் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காரணமில்லாமல் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவதை நானும் ஏற்கவில்லை. வழக்கமாக எட்டு வாரம் கொடுத்துவிட்டு, தேவையா என்று மறுபடியும் பார்க்க வேண்டும். அந்த 'மறுபடியும்' என்பதுதான் நம் ஊரில் நடப்பதே இல்லை.

மோர், சீரகத் தண்ணீர் இரண்டிலும் எனக்கு மறுப்பில்லை. குளிர்ந்த பால் குடித்தவுடன் இதமாக இருக்கும், ஆனால் அதிலுள்ள புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பிறகு அமிலச் சுரப்பைத் தூண்டும். படுக்கப்போகும் நேரத்தில் ஒரு டம்ளர் பால் குடிப்பது உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும். சோடா உப்பில் சோடியம் மிகுதி. இரத்த அழுத்தமோ இதயத் தளர்ச்சியோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் அதை அன்றாடப் பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. அதிலிருந்து எழும் வாயு இரைப்பையை விரிக்கவும் செய்யும். சாப்பிட்ட பிறகு எப்போதாவது எரிந்தால், ஆல்ஜினேட் கலந்த திரவ மருந்து கிடைக்கிறது. அது உணவின் மேலே தெப்பம் போல மிதந்து, நான் முன்பு சொன்ன அமிலத் தேக்கத்தை மூடிக்கொள்ளும்.

ஒரத்தநாட்டு வாசகி எழுதியது:

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவது பற்றி யாரும் எழுதவில்லையே. என் கணவருக்காக இதைச் செய்தோம். முதலில் தலையணையை இரண்டு, மூன்று என்று அடுக்கினார். அதனால் கழுத்தும் இடுப்பும் மடங்கி, வயிறு அமுங்கி, எதுக்களிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. பிறகு தச்சரிடம் சொல்லி, ஆறு அங்குல உயரத்தில் இரண்டு வேப்பமரக் கட்டைகள் செய்து வாங்கினோம். கட்டில் கால் வழுக்கி இறங்காதபடி மேற்பரப்பில் ஓர் அங்குல ஆழத்துக்குக் குழி வெட்டச் சொன்னோம். அடியில் பழைய சைக்கிள் டியூபை ஒட்டிக்கொண்டோம். தலைமாட்டுக் கால்கள் இரண்டையும் அந்தக் குழிகளில் இறக்கிவிட்டால் படுக்கை முழுவதுமே சரிவாகிவிடுகிறது. தொடக்கத்தில் கால்மாட்டுக்குச் சரிந்து வருவதுபோல இருக்கிறது என்றார். மெத்தைமேல் வழுவழுப்பான விரிப்பை நீக்கிப் பருத்தி ஜமுக்காளம் போட்டதும் அது நின்றது. ஆனால் பாயில் படுக்கும் என் மாமியாருக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

செங்குன்றம் மருந்தாளுநர் எழுதியது:

அக்கா, பாயில் படுப்பவர்களுக்குச் சாய்வு மெத்தை இருக்கிறது. தலையிலிருந்து இடுப்புவரை தாங்கும் நீளம் இருக்க வேண்டும்; தலைக்கு மட்டும் உயரமான தலையணை உதவாது. மெத்தைக் கடையில் அளவு சொன்னால், கெட்டியான ஃபோமைச் சரிவாக வெட்டி உறை தைத்துக் கொடுப்பார்கள். உயர்ந்த பக்கம் ஆறு முதல் எட்டு அங்குலம் போதும். இரவில் சேலைக்கொசுவத்தையும் பாவாடை நாடாவையும் தளர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

பாட்டு ஆசிரியை எழுதியது:

எனக்கு நெஞ்சு எரிவதே இல்லை. ஆனால் தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போலவும், எந்நேரமும் கனைக்க வேண்டும் போலவும் இருக்கிறது. மேல் ஸ்தாயியில் குரல் உடைகிறது. காது மூக்குத் தொண்டை மருத்துவர் 'அமிலம் தொண்டைக்கு வருகிறது' என்று சொல்லி இதே மாத்திரையை இரு வேளை கொடுத்தார். பலன் இல்லை. அளவைக் கூட்ட வேண்டுமா?

வைகைக்கரை மருத்துவர் எழுதியது:

அம்மா, அளவைக் கூட்டுவதற்கு முன் காரணத்தையே மறுபடியும் பார்க்க வேண்டும். தொண்டைத் தொல்லை உள்ள 346 பேரிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. இதே வகையைச் சேர்ந்த லான்சோபிரசோலை இரு வேளையாக நான்கு மாதங்கள் கொடுத்தும், போலி மாத்திரையைவிட அது எந்த வகையிலும் மேலாக இல்லை. கனைப்பதே குரல்நாணை மோதவைத்துப் புண்ணாக்கும். அந்தப் புண் மறுபடியும் கனைக்கத் தூண்டும். குரல்நாணை நேரடியாகப் பார்த்து முடிச்சு ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குரல் பயிற்சி சிகிச்சையாளரைப் பாருங்கள். அமிலம்தானா என்று தெரிந்தே ஆக வேண்டுமானால், மூக்கின் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி 24 மணி நேரம் அளக்கும் சோதனை இருக்கிறது. உணவுக்குழாயில் அமிலம் படிந்திருக்கும் நேரம் அந்த 24 மணியில் 4 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இயல்பு, 6க்கு மேல் போனால் நோய் உறுதி.

பின்னலாடைக் கணக்கர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நான் ஆம்லோடிபின் சாப்பிடுகிறேன் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். மாத்திரையை உணவுக்கு முன்பாகவும், இரவு உணவை ஏழு மணிக்கும் மாற்றிக்கொள்கிறேன். தொல்லை குறைந்தால் கேப்சூலை ஒரேயடியாக நிறுத்திவிடலாமா?

வைகைக்கரை மருத்துவர் எழுதியது:

ஆம்லோடிபினை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதை எழுதியவரிடம் மாற்று உண்டா என்று கேளுங்கள். கேப்சூலைப் பொறுத்தவரை, படிப்படியாகக் குறைப்பதே பலருக்கு எளிதாக இருக்கிறது. அமிலத்தை நெடுநாள் அடக்கும்போது அமிலம் சுரக்கத் தூண்டும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் கூடி, சுரக்கும் செல்களும் பெருகுகின்றன. மருந்தை நிறுத்தியதும் சில வாரங்களுக்கு முன்பைவிட மிகுதியாக அமிலம் சுரக்கும். டென்மார்க்கில் நெஞ்செரிச்சலே இல்லாத நலமானவர்களுக்கு எட்டு வாரம் இதே வகையான எசோமிபிரசோல் கொடுத்து நிறுத்தியபோது 44 விழுக்காட்டினருக்கு அமிலத் தொல்லை வந்தது. போலி மாத்திரை பெற்றவர்களில் அது 15 விழுக்காடுதான். இந்த எரிச்சலைக் கண்டு 'நோய் திரும்பிவிட்டது' என்று மறுபடியும் மாத்திரைக்கே போய்விடுவதுதான் பலரின் கதை. 40 மில்லிகிராமை 20 ஆக்கி, பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாளாக்கி, இடையில் எரிந்தால் ஆல்ஜினேட்டோ ஃபாமோடிடினோ வைத்துச் சமாளிப்பதுதான் நான் சொல்லும் முறை.

எல்லோரும் நிறுத்தக் கூடாது. புண் 'சி', 'டி' நிலையில் இருப்பவர்கள், உணவுக்குழாயின் உட்சுவரே மாறிப்போன பாரெட் நிலை உள்ளவர்கள், ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ சாப்பிட்டு இரத்தக்கசிவு ஏற்பட்டவர்கள் தொடர்ந்தே சாப்பிட வேண்டும். விழுங்கும்போது உணவு சிக்கினாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும், மலம் தார் போலக் கருத்தாலும், இரத்த வாந்தி வந்தாலும், சோகை தெரிந்தாலும் எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடாதீர்கள்.

நொய்யல் நண்பன் எழுதியது:

அறுவை சிகிச்சை செய்தால் மாத்திரையே வேண்டாம் என்கிறார்களே, அதைப் பற்றியும் சொல்லுங்கள் ஐயா.

வைகைக்கரை மருத்துவர் எழுதியது:

இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயின் அடியைச் சுற்றிப் போர்த்தித் தைக்கும் முறை இது. ருடால்ஃப் நிஸ்ஸன் 1950களில் தொடங்கிவைத்தார், இப்போது லேப்ராஸ்கோப் வழியாகச் செய்கிறார்கள். மாத்திரையால் எரிச்சல் அடங்கியும் எதுக்களிப்பு அடங்காதவர்களுக்கும், இரைப்பை மிகுதியாக மேலேறிய பெரிய ஹெர்னியா உள்ளவர்களுக்கும் நல்ல பலன் தரும். ஏனெனில் மாத்திரை ஏறுவதைத் தடுப்பதில்லை, ஏறுவதன் அமிலத்தன்மையைத்தான் குறைக்கிறது. சிலருக்குப் பிறகு ஏப்பம் விட முடியாமல் வயிறு உப்பிக்கொள்ளும், விழுங்குவதில் சிரமமும் இருக்கும். ஆண்டுகள் கழிந்து மாத்திரைக்குத் திரும்புபவர்களும் உண்டு. மாத்திரை எதுவுமே கேட்காதவர்களுக்கு இதில் அவசரப்படக் கூடாது. அவர்களில் பலருக்கு அமிலம் இயல்பான அளவிலேயே இருக்க, உணவுக்குழாயின் நரம்புகள்தான் மிகையாக உணர்கின்றன. அதற்கு அறுவை பயன்படாது. கத்தி வைப்பதற்கு முன் 24 மணி நேர அமிலச் சோதனையோடு, உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரியும் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். வாசல் திறக்கவே மறுக்கும் அகலேசியா என்ற நோயிலும் சாப்பிட்டது மேலே வரும், நெஞ்சும் எரியும். அதை எதுக்களிப்பு நோய் என்று எண்ணி வாசலை மேலும் இறுக்கித் தைத்துவிட்டால் தண்ணீர்கூட இறங்காது.